கைக்கடிகாரமும் கைபேசியும்: நம் இதயத்துடிப்பு யார் கணக்கில்?

2025 ஜூலையில் இங்கிலாந்து அரசு தனது தேசிய சுகாதார சேவைக்கான பத்தாண்டுத் திட்டத்தை வெளியிட்டது. அதிலிருந்த ஒரு விடயம் நம்மவர்களிடையே அதிகம் பேசப்படாமலே போய்விட்டது. 2035 அளவில், நோய் வருமுன் காப்பதிலும் நாட்பட்ட நோய்களுக்கான சிகிச்சையிலும், உடலில் அணியும் கருவிகள் வழமையான ஒன்றாகிவிட வேண்டும் என்பதே அது. அதற்குச் சில நாட்கள் முன்னர், ஜூன் மாதத்தில், அமெரிக்க சுகாதாரச் செயலாளர் ரொபேர்ட் எஃப். கென்னடி ஜூனியர், நான்கு ஆண்டுகளுக்குள் ஒவ்வோர் அமெரிக்கரும் இப்படியொரு கருவியை அணிந்திருக்க வேண்டும் என்பதே தனது நோக்கம் என்று காங்கிரஸ் குழுவொன்றின் முன் சொன்னார். அரசியலில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு அரசுகள், நமது மணிக்கட்டு விடயத்தில் ஒரே பக்கம் நிற்கின்றன.

நம் வீடுகள் அரசுகளை முந்திவிட்டன. அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்குச் சேலை வாங்கிய காலம் போய், இப்போது பிள்ளைகள் இதயத்துடிப்புப் பார்க்கும் கடிகாரம் வாங்கிக் கொடுக்கிறார்கள். அதில் பிழையில்லை. சீனி வருத்தமோ பிரஷரோ இல்லாத வீடு நம்மிடையே அரிது. நைஸ் எனப்படும் பிரித்தானிய மருத்துவ வழிகாட்டல் அமைப்பு, நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு உடற்பருமன் சுட்டெண் 23ஐ எட்டினாலே ஆபத்துக் கூடத் தொடங்குகிறது, 27.5இல் அது உயர்ந்த ஆபத்து என்று சொல்கிறது. வெள்ளையர்களுக்கு அந்த எல்லைகள் 25, 30. ஆகவே நம்மவர் நடக்க வேண்டும். நடக்க வைக்கும் எதுவும் நல்லதே. (ஒரு நாளைக்கு 10,000 அடி என்ற கணக்கு வைத்தியர்கள் கண்டுபிடித்ததல்ல என்பதையும் சொல்லிவிடுவோம். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயர் அது. குறைவாக நடந்தவர்கள் மனம் நோகத் தேவையில்லை.)

நாம் இங்கே பேச விரும்புவது கடிகாரம் வாங்குவதைப் பற்றியல்ல. வாங்கிய பிறகு, பிள்ளை சோபாவில் இருந்துகொண்டு அதைக் கைபேசியோடு இணைக்கும் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி. அந்த நேரத்தில் திரையில் ஏழெட்டுக் கேள்விகள் வரும். எல்லாவற்றுக்கும் "அனுமதி" என்று அழுத்தினால்தான் வேலை முடியும் என்ற எண்ணத்தில் விரல் வேகமாகப் போகும். கணக்காளர்களான எங்களுக்கு அந்த வேகம்தான் கவலை. வர்த்தகப் படிப்பின் முதல் மாதத்திலேயே சொல்லித்தருவார்கள், ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் இரண்டு பதிவுகள் உண்டு என்று. கடிகாரம் நமக்கு ஓர் எண்ணைத் தருகிறது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் என்ன பதிவாகிறது என்பதை அந்தப் பத்து நிமிடத்தில் மட்டும்தான் திரை நம்மிடம் நேரடியாகக் கேட்கிறது.

முதல் கேள்வி கணக்கு. செயலி ஒரு மின்னஞ்சலையும், பிறந்த திகதியையும், உயரத்தையும், எடையையும் கேட்கும். அம்மாவுக்கு மின்னஞ்சல் இல்லை அல்லது கடவுச்சொல் மறந்துவிட்டது; மகன் தன்னுடையதையே கொடுத்துவிடுகிறான். இது பரவலாக நடப்பது. விளைவைச் சின்னக் கணக்காகப் பார்ப்போம். உச்ச இதயத்துடிப்பைக் கணிக்கப் பரவலாகப் பயன்படும் எளிய வழி 220இலிருந்து வயதைக் கழிப்பது. மகனுக்கு 30 வயதென்றால் 190 வரும். அம்மாவுக்கு 65 என்றால் 155. மகனுடைய பிறந்த திகதியில் ஓடும் கடிகாரம், அம்மா மூச்சு வாங்க நடப்பதைக்கூடச் சாதாரண உலாத்தல் என்று எழுதும். பிழையான ஆரம்ப மீதியோடு தொடங்கிய பேரேடு பிறகு எத்தனை பக்கம் எழுதினாலும் சரிவராது. அதோடு, அந்தப் பதிவுகள் முழுவதும் மகனுடைய உடல்நிலையாகவே ஒரு நிறுவனத்திடம் சேர்கின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. அது வீட்டுக்குள்ளேயே இருப்பது. "ஏனம்மா இரவு மூன்று மணிக்கு எழும்பினீங்கள்?" என்று இன்னொரு நகரத்திலிருந்து மகள் கேட்கும்போது அதில் அன்புதான் இருக்கிறது. ஆனாலும் ஏன் எழும்பினோம் என்பதைச் சொல்லாமலிருக்கும் உரிமை அந்த அம்மாவுக்கு இருந்தது. நம் தலைமுறையில் பலருக்கு இரவு மூன்று மணி எதற்கானது என்பதை விளக்கத் தேவையில்லை.

அடுத்த கேள்வி இருப்பிடம். "கடிகாரம் அடி எண்ணத்தானே, அதற்கு ஏன் நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிய வேண்டும்?" என்று கேட்பவர்கள் சரியாகத்தான் கேட்கிறார்கள். பதிலில் பாதி தொழில்நுட்பம். புளூடூத் வழியாகப் பக்கத்திலுள்ள கருவிகளைத் தேடினால், அந்தக் கருவிகளை வைத்தே நாம் நிற்கும் இடத்தை ஊகிக்கலாம். அதனால் அண்ட்ரொய்ட் 6 முதல் 11 வரையான கைபேசிகளில், கடிகாரத்தைத் தேடவே இருப்பிட அனுமதி தேவைப்பட்டது. 2021இல் வந்த அண்ட்ரொய்ட் 12இல் "அருகிலுள்ள சாதனங்கள்" என்று தனியான அனுமதி வந்துவிட்டது. நம் வீடுகளில் புதிய கைபேசி பிள்ளைகளுக்கும் பழையது அப்பா அம்மாவுக்கும் போவதால், பெரியவர்களிடம்தான் இந்தக் கேள்வி இன்னும் கேட்கப்படுகிறது. பதிலின் மறுபாதி வியாபாரம். இணைப்பு முடிந்த பிறகு, நடந்த பாதையை வரைபடத்தில் காட்ட விரும்பினாலன்றி, அடி எண்ணுவதற்கு இருப்பிடம் வேண்டியதில்லை. "எப்போதும்" என்பதை "செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்" என்று மாற்றினாலும் பெரும்பாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

மூன்றாவது அனுமதியை நாம் எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறோம். அறிவித்தல்களை வாசிக்கும் அனுமதி அது. வட்சப் செய்தி வந்தால் கடிகாரம் அதிர வேண்டும் என்று அதைக் கொடுக்கிறோம். கொடுத்ததும், திரையில் மேலெழும் அறிவித்தல்கள் அந்தச் செயலியின் கண்ணிலும் படும்: வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீடு, சட்டத்தரணி அனுப்பும் செய்தியின் முதல் வரி, ஊரிலிருந்து வரும் செய்தி. பெரிய நிறுவனங்கள் இதைத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்று நாம் சொல்லவில்லை. பெயர் தெரியாத கம்பனியின் 20 பவுண் கடிகாரத்துக்கும் அதே அனுமதிதான் போகிறது என்பதே நமது கவலை. வழக்கு நிலுவையிலுள்ள ஒரு குடும்பத்தில் இந்த ஓர் அனுமதியை மறுத்துவிடலாம். கடிகாரம் அடி எண்ணும், துடிப்புப் பார்க்கும், நேரமும் காட்டும்.

கணக்கு யாரிடம் இருக்கிறது என்பதும் மாறக்கூடியது. 2007இல் தொடங்கிய ஃபிட்பிட் நிறுவனத்தைக் கூகுள் 2.1 பில்லியன் டொலருக்கு வாங்குவதாக 2019 நவம்பரில் அறிவித்தது. 2021 ஜனவரியில் கைமாற்றம் முடிந்தது. ஐரோப்பிய ஆணையம் சும்மா விடவில்லை. ஐரோப்பிய பொருளாதார வலயத்திலுள்ளவர்களின் உடல்நலத் தரவை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பத்தாண்டு நிபந்தனை போட்டது. நோர்வே அந்த வலயத்துக்குள் இருக்கிறது. சுவிஸும் கனடாவும் அவுஸ்திரேலியாவும் வெளியே. உலகெங்கும் இதையே கடைப்பிடிப்போம் என்று கூகுள் சொன்னது. ஆனால் கம்பனி தானாகச் சொல்லும் வாக்கும், மீறினால் தண்டிக்கக்கூடிய ஆணையத்தின் நிபந்தனையும் ஐந்தொகையில் ஒரே வரியில் வரா. 2023 முதல் புதிதாகச் சேர்பவர்களுக்குக் கூகுள் கணக்குக் கட்டாயமானது. பழையவர்களும் மாற வேண்டும் என்று காலக்கெடு வைக்கப்பட்டு, பிறகு தள்ளியும் போடப்பட்டது. அதே 2023இல் வியன்னாவிலுள்ள நொய்ப் என்ற தரவுரிமை அமைப்பு ஒஸ்திரியா, நெதர்லாந்து, இத்தாலி ஆகிய நாடுகளில் ஃபிட்பிட்டுக்கு எதிராக முறைப்பாடு செய்தது. தரவை ஐரோப்பாவுக்கு வெளியே அனுப்பச் சம்மதிக்காமல் கணக்குத் திறக்க முடிவதில்லை, கொடுத்த சம்மதத்தை மீளப் பெறக் கணக்கையே அழிக்க வேண்டியிருக்கிறது என்பதே முறைப்பாடு.

பணம் எங்கே வருகிறது என்று பார்ப்பது எங்கள் தொழில். காப்புறுதியைப் பாருங்கள். அமெரிக்காவின் ஜோன் ஹன்கொக் 2018இல் தனது ஆயுள் காப்புறுதிகள் எல்லாவற்றோடும் உடற்பயிற்சித் தரவுத் திட்டத்தை இணைத்தது. அதன் தாய்க் கம்பனி கனடாவின் மனுலைஃப். ரொறன்ரோவில் நம்மவர் பலருக்குத் தெரிந்த பெயர். ஜேர்மனியில் ஜெனராலி 2016இல் இதே வகைத் திட்டத்தைத் தொடங்கியது. நடந்தால் கழிவு, பரிசு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தக் கழிவும் வானத்திலிருந்து விழுவதில்லை. ஒருவருக்குக் குறைவதை இன்னொருவர் எங்கோ ஓரிடத்தில் கட்டுகிறார். அந்த இன்னொருவர் யார்? இரவு வேலை முடித்துக் காலை ஆறு மணிக்கு வீடு வந்து, பிள்ளையைப் பாடசாலையில் விட்டு, நாலு மணித்தியாலம் படுத்தெழும்பி அடுத்த வேலைக்குப் போகிறவர். கடிகாரம் அவருடைய நித்திரைக்குக் குறைந்த புள்ளி போடும். அவருக்கு இரண்டு வேலை என்பதை எழுத அதில் இடமில்லை.

ஒன்றுக்காக எடுத்த பதிவு இன்னொன்றுக்குப் போவது எப்போதும் கெட்டதல்ல. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 2015 டிசம்பரில் கொல்லப்பட்ட கொனி டபாட்டே அணிந்திருந்த ஃபிட்பிட், அவர் இறந்துவிட்டதாகக் கணவர் சொன்ன நேரத்துக்குப் பிறகும் அவர் நடந்ததைக் காட்டியது. 2022இல் கணவருக்கு 65 ஆண்டு சிறை கிடைத்தது. மறுபக்கமும் உண்டு. 2017 நவம்பரில் ஸ்ட்ராவா என்ற செயலி, தன் பாவனையாளர்கள் ஓடிய பாதைகளை உலக வரைபடத்தில் ஒளிக்கோடுகளாக வெளியிட்டது. பெயர் எதுவும் அதில் இல்லை. இரண்டு மாதம் கழித்து, நேதன் ரூசர் என்ற அவுஸ்திரேலிய மாணவர், சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் பாலைவன நடுவே இராணுவ முகாம்களின் உருவம் தெரிவதைக் கண்டுபிடித்தார். உடல்நலத்துக்காக முகாமைச் சுற்றி ஓடிய சிப்பாய்கள் அறியாமலே வரைந்துகொடுத்த படம் அது.

நமக்கு இதெல்லாம் புதுப் பாடமா? 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் இருந்தது வாக்காளர் இடாப்பு. வாக்களிக்கும் உரிமைக்காக நாமே பெயர் கொடுத்த பட்டியல். கொடுத்த நாளில் அது சரியான காரியம்தான். பட்டியல் மாறவில்லை, அதைக் கையில் வைத்திருந்தவர் மாறினார். இடாப்பையும் இதயத்துடிப்பையும் ஒரே தராசில் வைக்கிறோம் என்று யாரும் கோபிக்கக் கூடாது. ஆபத்தின் அளவு வேறு. பதிவின் இயல்பு ஒன்றுதான்.

வந்து சேர்ந்த நாடுகளிலும் அண்மைக் காலத்தில் நடந்தவற்றைப் பாருங்கள். பிரித்தானிய உள்துறை அமைச்சு 2022 ஜூன் முதல், படகில் வந்தவர்கள் உட்பட 600 பேர் வரையில் இருப்பிடம் காட்டும் கருவி மாட்டும் பரீட்சார்த்தத் திட்டமொன்றை நடத்தியது. அது தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மீறியது என்று 2024 மார்ச்சில் தகவல் ஆணையர் அலுவலகம் தீர்மானித்தது. படகில் வந்தவர்களின் கைபேசிகளை எல்லாம் பறித்து வைத்த நடைமுறை சட்டவிரோதம் என்று இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஜேர்மனியில் கடவுச்சீட்டில்லாத புகலிடக் கோரிக்கையாளர்களின் கைபேசிகளை ஆரம்பத்திலேயே திறந்து பார்த்ததும் தவறு என்று 2023 பெப்ரவரியில் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் சொன்னது. அமெரிக்கக் குடிவரவுத் துறை 2023இல் கணுக்கால் கருவிக்குப் பதிலாக மணிக்கட்டில் கட்டும் ஒன்றைப் பரீட்சித்தது. பார்வைக்கு அது ஒரு கைக்கடிகாரம்.

நீதிமன்றங்கள் நம் பக்கம் நின்றன என்பது ஆறுதல். ஆனால் எல்லாத் தீர்ப்புகளும் தரவு எடுக்கப்பட்ட பிறகுதான் வந்தன. கடிகாரத்தின் பதிவுகள் கைபேசியில்தான் கிடக்கின்றன. வழக்கு முடியாதவர்கள், மேல்முறையீட்டில் இருப்பவர்கள் இதை நினைவில் வைத்து இணைக்க வேண்டும். கணக்குத் தேவையில்லாத சாதாரண அடி எண்ணும் கருவி இன்றும் கடைகளில் கிடைக்கிறது. அது அவர்களுக்குப் போதும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

மற்றவர்கள் இணைக்கட்டும். அணிபவரின் சொந்தப் பெயரில், சொந்தப் பிறந்த திகதியில் கணக்குத் திறந்து, கடவுச்சொல்லை ஒரு கொப்பியில் எழுதி வைத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்க ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் வாசித்துக் காட்டி இணைக்கட்டும். ஐரோப்பாவிலும் பிரித்தானியாவிலும் இருப்பவர்கள் தங்களைப் பற்றிய தரவின் பிரதியைக் கேட்டுப் பெறலாம். அது சட்டம் தந்த உரிமை, கட்டணமுமில்லை. ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வரும் கோப்பின் பருமன் போதும், மற்றதை அதுவே விளக்கும்.

கடைசியாக, ஊருக்குப் போகும் பொதிகளைப் பற்றி. புதிது வாங்கியதும் பழைய கடிகாரத்தைச் சித்தப்பாவுக்கோ மச்சாளுக்கோ அனுப்பிவிடுகிறோம். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருந்தும், 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன. ஆகவே பொதி கட்டுமுன் நாமே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. செயலியில் அந்தக் கடிகாரத்தைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். கைபேசியின் புளூடூத் பட்டியலில் அதை மறக்கச் சொல்லுங்கள். பிறகு கடிகாரத்தைத் தொழிற்சாலை நிலைக்கு மீளமையுங்கள். இதைச் செய்யாமல் அனுப்பினால் பல கடிகாரங்கள் அங்குள்ள கைபேசியோடு இணையவே மாட்டா. சில மாதிரிகளில், உங்கள் பெயரையும் கடைசி நாட்களின் துடிப்பையும் சுமந்துகொண்டு சாவகச்சேரியிலோ வவுனியாவிலோ ஒரு மேசை லாச்சிக்குள் கிடக்கும்.