கட்டடப் பராமரிப்பும் கற்றோரும்

பட்டம் பெறும் நம்மிற் பலர், கட்டடப் பராமரிப்புத் தொழிலைக் கூட்டித் துடைக்கும் வேலைதானே என்று இகழ்கின்றனர். துடைத்தலும் இழிவன்று, இத்தொழில் அதனோடு முடிவதுமன்று. மின்தூக்கி, குடிநீர்த் தொட்டி, குளிர்சாதனம், தீயணைப்புக் கருவி ஆகியவற்றைப் பழுதின்றிக் காப்பதும் இதுவே.

1976-ஆம் ஆண்டில் பிலதெல்பியா நகர விடுதியொன்றிற் கூடியோரிடையே கொடிய நுரையீரற் காய்ச்சல் பரவிப் பலர் மாண்டனர். அதன் கிருமி 1977-இல் கண்டறியப்பட்டது. குளிர்விக்கும் கோபுரத்து நீரைப் பேணாதுவிடின் அது பெருகும்.

ஆதலின் இத்தொழிலிற் புகுவோர்க்குக் கருவியறிவும், உடனுழைப்போரிடம் இன்சொல்லும் வேண்டும். அவற்றினும் வேண்டுவது பதிவேட்டில் மெய்யெழுதும் வழக்கம். பாராத தொட்டியைப் பார்த்ததாகக் கையொப்பமிடுவோன் பிறருயிரைப் பணயம் வைக்கின்றான். நண்பர்காள், செய்யாத சோதனையைச் செய்ததாகக் குறிப்பேட்டில் எழுதும் கைக்கு இத்தொழில் ஆகாது. ஆய்வுக்கூடத்திலேயே அக்கையைத் திருத்துவோமாக.