எழுநூறு ரூபாய்த் தகடு

பி.காம். படித்தவர்களுக்கு காஸ்ட் அக்கவுன்டிங் என்றொரு பேப்பர் உண்டு. அதில் 'செய்வதா, வாங்குவதா' என்று ஒரு கணக்கு தவறாமல் வரும். ஒரு கம்பெனிக்கு ஏதோ ஓர் உதிரி பாகம் வேண்டும். வெளியே வாங்கினால் இன்ன விலை. தானே செய்தால் மெட்டீரியல் இவ்வளவு, கூலி இவ்வளவு. எது குறைச்சலோ அதுதான் விடை. எட்டு மார்க். நானும் வாங்கியிருக்கிறேன்.

அந்த எட்டு மார்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று போன மாதம் தோன்றியது. அப்போது நான் கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில், ஒரு ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன்.

ஜீப் என் நண்பருடையது. பழைய மஹிந்திரா எம்.எம். 540. லீவு நாளானால் மலை, ஆறு, சேறு என்று கிளம்பிவிடும் ஆசாமி. வண்டிக்குப் பெரிய டயர் மாட்டினார். திருப்பக் கஷ்டமாக இருக்கிறதென்று பவர் ஸ்டியரிங் மாட்டினார். கொஞ்ச நாளில், ஸ்டியரிங் பாக்ஸ் உட்கார்ந்திருக்கும் இடத்தில் சேஸியில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல்.

ஜீப்பின் சேஸி ஒரு ஏணி. இரண்டு நீளச் சட்டம், நடுவே குறுக்குச் சட்டங்கள். மேடு பள்ளத்தில் அது கொஞ்சம் முறுக்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் பெரிய டயர் பாறையில் மாட்டி நிற்கும்போது நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்து முறுக்கினால் டயர் திரும்பாது. ஸ்டியரிங் பாக்ஸ் தான் உட்கார்ந்திருக்கும் இரும்பைத்தான் முறுக்கும். ஒரு நாள் அது பிய்த்துக்கொண்டு வரும். கொண்டை ஊசி வளைவில் வந்தால் ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கும், வண்டி இருக்காது.

ஆக, சேஸிக்கு முட்டு கொடுத்தாக வேண்டும். வாங்குவதா, செய்வதா?

நண்பர் முதலில் வாங்கினார். மஹிந்திரா ஜீப், அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வாரிசுதானே! அமெரிக்காவில் அந்தக் குடும்பத்து ஜீப்புகளுக்கு ஸ்டியரிங் பாக்ஸ் முட்டு ரெடிமேடாகவே கிடைக்கிறது. அழகான பெயின்ட், போல்ட், வாஷர் எல்லாம் பாக்கெட் போட்டு வந்தது. சுங்க வரி தனி. பட்டறைக்காரர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், இது எடது பக்கம் ஸ்டியரிங் உள்ள வண்டிக்கு. நம்ம பாக்ஸ் வலது பக்கம்ல இருக்கு!"

விற்றவர் மேல் குற்றமில்லை. எந்த வண்டிக்கு என்று டப்பா மேலேயே எழுதியிருந்தது.

உடனே நண்பர் எதிர்த் திசைக்குத் தாவினார். "செஞ்சுடலாம்யா! எவ்ளோ ஆயிடப் போவுது?" என்று என் எட்டு மார்க் கணக்கைப் போட்டார். 3 மி.மீ. தகடு, ஒரு மீட்டர் நீளம், 15 செ.மீ. அகலம். எடை மூன்றரை கிலோ. இரண்டு பக்கத்துக்கும் ஏழு கிலோ. கிலோ நூறு ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் எழுநூறு. வெல்டிங் கூலி ஐந்நூறு. மொத்தம் ஆயிரத்து இருநூறு. முகத்தில் அப்படியொரு பிரகாசம்.

எனக்குக் கோபம் வந்தது அந்த ஐந்நூறைப் பார்த்துத்தான்.

அந்த வெல்டர் என்ன செய்தார் என்று சொல்கிறேன். பேட்டரி வயரைக் கழற்றினார். டீசல் குழாயையும் பிரேக் ஹோஸையும் ஓரமாக இழுத்துக் கட்டினார். பெயின்டைச் சுரண்டி விரிசல் எங்கே முடிகிறது என்று தேடினார். இதற்கே முக்கால் மணி நேரம். முடியும் இடத்தில் டிரில்லால் சின்ன ஓட்டை போட்டார். போடாவிட்டால் விரிசல் வெல்டிங்கைத் தாண்டியும் ஓடுமாம். தகட்டின் முனைகளைச் சதுரமாக விடாமல் மீன் வாய் மாதிரி வெட்டினார். சட்டத்துக்குக் குறுக்கே நேர்க்கோடாகப் பற்றவைத்தால் அடுத்த விரிசல் அந்தக் கோட்டிலேயே பிறக்கும். பிறகு இங்கே ஒரு இன்ச், அங்கே ஒரு இன்ச் என்று விட்டு விட்டுப் பற்றவைத்தார். ஒரே மூச்சில் இழுத்தால் சூட்டில் சேஸி கோணிக்கொள்ளும். வீட்டு கேட்டுக்கு அடிக்கும் 6013 ராடு வேண்டாம், 7018 வாங்கி வாருங்கள் என்று நண்பரைக் கடைக்கு விரட்டினார். சேஸி நம்பர் பொறித்திருந்த இடத்தை மட்டும் தொடவே இல்லை. அதன் மேல் தகட்டை ஒட்டி மூடிவிட்டால் எஃப்.சி.யில் யார் பதில் சொல்வது?

இதெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். போடிநாயக்கனூர்ப் பக்கமாம்.

விடியற்காலையில் அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களை அடைத்துக்கொண்டு ஜீப்புகள் மலையேறும். ஆர்.சி. புக்கில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறதோ அதை யாரும் எண்ணுவதில்லை. அந்த ஜீப்பில் சேஸி விரிந்தால் அது யாருடைய பொழுதுபோக்கும் இல்லை. பதினைந்து குடும்பத்தின் அடுப்பு. நம் வெல்டர் கற்றுக்கொண்டது அந்த வண்டிகளின் அடியில் படுத்து. அதற்குத்தான் ஐந்நூறு ரூபாய் என்கிறீர்கள்.

'நீங்கள்' என்று உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முன்னால் மாட்டும் லைட்டுக்குப் பேரம் பேசாமல் பத்தாயிரம் கொடுக்கிறோம். ஸ்டிக்கருக்கு இரண்டாயிரம். உயிரைப் பிடித்து நிறுத்தும் வெல்டிங்குக்கு மட்டும் "பார்த்துப் போட்டுக் குடுங்கண்ணே!" தலைக்கவசம் கூட இல்லாமல், கையில் ஒரு கறுப்புக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பற்றவைக்கிறாரே, ராத்திரி கண்ணில் மணலைக் கொட்டின மாதிரி அவருக்கு எரியும். அது எந்தக் காலத்தில் எழுதப்படுகிறது?

சரி, பேசாமல் ரெடிமேடாகவே வாங்கிவிடலாமே என்பீர்கள். 2020க்குப் பிறகு வந்த தார் போன்ற வண்டி என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். அச்சில் வார்த்த மாதிரி எல்லாம் ஒரே அளவு. போல்ட் போட்டு மாட்டும் சாமான் பொருந்தும். புது சேஸியில் வெல்டிங் வைத்து வாரன்டியைக் கெடுத்துக்கொள்வானேன்? ஆனால் முப்பது வருஷம் உழைத்த ஜீப்பில் விரிசல் எங்கே இருக்கிறது, துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று எந்த டப்பாவுக்கும் தெரியாது. படுத்துப் பார்ப்பவனுக்குத்தான் தெரியும். அதனால் செய்யுங்கள். மலிவு என்பதற்காகச் செய்யாதீர்கள். அவருடைய ஒன்றரை நாளுக்கு நியாயமான கூலி எழுதினால் அது அவ்வளவு மலிவும் இல்லை.

சட்டம் வேறு இருக்கிறது. கம்பெனி குறிப்பிட்ட அடிப்படை அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விரிசலை அடைப்பது ரிப்பேர்தானே என்று நீங்களாகத் தீர்ப்பு எழுதிக்கொள்ளாமல், ஆர்.டி.ஓ. ஆபீசிலும் இன்ஷூரன்ஸ்காரரிடமும் முதலில் எழுதிக் கேட்டுவிடுங்கள். மாட்டினால் தண்டனை வண்டிச் சொந்தக்காரருக்கு.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்தது. வெல்டர் நாலாயிரம் கேட்டார். நண்பர் சட்டைப் பையில் கையை விட்டபடியே, "அண்ணே, மூணாயிரம்..." என்று ஆரம்பித்தார். அவர் காலை ஓங்கி மிதித்தேன். ஷூ போட்டிருந்தேன்.