முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கிடக்கும் கடலை 2024 ஆம் ஆண்டில் நமது திருகோணமலை மாணாக்கன் ஒருவன், 13 வயதுப் பாலகன், நீந்திக் கடந்தான். அவனுக்கு முன்னரே 1954 ஆம் ஆண்டில் நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்தினார். 1971 ஆம் ஆண்டில் ஆழிக்குமரன் ஆனந்தன் போய்த் திரும்பும் பயணத்தை 51 மணி நேரத்தில் முடித்தார். இவற்றைப் பற்றி எழுதுவோர் யாவரும் நீந்தியவரையே எழுதுவர், அது நியாயமே. நாம் இன்று எழுதப் புகுவதோ கூடச் செல்லும் படகைப் பற்றி.

கடல் நீச்சலில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. நீந்துபவர் படகைப் பிடிக்கக் கூடாது; படகிலுள்ளோரும் அவரைத் தாங்கக் கூடாது. பானத்தையும் உணவையும் கோலிலோ கயிற்றிலோ கட்டி எட்ட நின்றே கொடுக்க வேண்டும். இரவானால் விளக்குப் பிடிக்க வேண்டும். நீரோட்டம் இழுக்கும் பக்கத்தைக் கவனித்துத் திசை சொல்ல வேண்டும். 2022 ஆம் ஆண்டில் ஓட்டிசம் உள்ள இந்தியச் சிறுமி ஜியா ராய் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 13 மணி 10 நிமிடத்தில் நீந்தினாள். பெற்ற பிள்ளை சோர்வதைக் கண்ணெதிரே கண்டும் கை நீட்டாதிருப்பது எத்தகைய சோதனை என்பதைத் தாய்மாருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. நீட்டினால் அத்தோடு முயற்சி முடிந்தது. விலகிப் போய்விட்டாலோ பிள்ளை முடிந்தது.

ஒரு குடும்பமே கடலில் இறங்கியதும் உண்டு. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த மக்லீன் சகோதரர் மூவர் 2025 ஆம் ஆண்டில் பெரு தேசத்திலிருந்து அவுஸ்திரேலியா வரை, 14,000 கிலோமீற்றருக்கு மேல், எங்கும் கரை தட்டாமல் 139 நாட்கள் துடுப்பு வலித்தனர். நடுக்கடலில் புயற்காற்றில் அவர்களுள் ஒருவர் அலையால் வெளியே வீசப்பட்டுத் தப்பினார். மடகாஸ்கர் மக்களுக்குக் குடிநீர் வசதி செய்யவே அவர்கள் நிதி சேர்த்தார்கள். ஆனால் எம் மனத்தைத் தொட்டது அப்படகின் பெயர். ரோஸ் எமிலி. அவர்களுடைய அன்னை 1996 ஆம் ஆண்டில், கருவிலேயே இழந்த மகளின் பெயர் அது. நம் வீடுகளில் பிறவாமலே போன பிள்ளைக்குப் பெரும்பாலும் பெயர் வைப்பதில்லை; அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. ‘இன்னொன்று பிறக்கும்’ என்று சொல்லி அந்தத் தாயின் வாயை அடைத்து விடுகிறோம்.

இதை ஏன் திருகோணமலையில் இருந்து எண்ணிப் பார்க்க வேண்டும்? 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரை வாரிச் சென்றது. 2021 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆந் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலவேலை முடியாதிருந்தபடியால் மக்கள் ஏறிச் சென்ற மிதவைப்படகு கவிழ்ந்து, பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர். இவை பத்திரிகையில் வந்தவை. வலையெடுத்துச் சென்று திரும்பாத தனியொரு தந்தையின் செய்தி இரண்டு வரியில் முடிந்துவிடும்.

துக்க வீட்டைத் தனியே விடாத நல்ல வழக்கம் நம்மிடம் உண்டு என்பதில் ஐயமில்லை. அயலார் அடுப்பு மூட்ட விடாமல் சோறு கொண்டு வருவர். எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்று ஊர் கூடும். முஸ்லிம் சகோதரிகள் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கும் காலத்தில் உறவினர் சூழ இருப்பர். அதன் பிறகு? பந்தலைப் பிரித்ததும் ஊர் தன் அலுவலைப் பார்க்கப் போய்விடுகிறது. துக்கம் போவதில்லை. உண்மையில் பல வீடுகளில் அது மூன்றாம் நான்காம் மாதத்தில்தான் உள்ளே வந்து உட்காருகிறது. கடல் கொண்டவரின் உடலும் கிடைக்காவிட்டால், அந்த முப்பத்தொன்றை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதே தெரியாமல் இருக்கும் மனைவிமாரும் உண்டு.

இங்கிலாந்தில் 1959 ஆம் ஆண்டில் மார்கிரட் டொறி என்னும் அம்மையார், கணவனை இழந்த பெண்களுக்குத் துணையாக குரூஸ் என்னும் சங்கத்தை நிறுவினார். விவிலியத்தில் வரும் ஏழை விதவையின் வற்றாத எண்ணெய்க் கலயமே அப்பெயருக்கு மூலம். பயிற்சி பெற்ற சாதாரண மனிதர் துயருற்றோரின் பக்கத்தில் இருந்து கேட்பதே அதன் பிரதான பணி. யாழ்ப்பாணத்தில் சாந்திகம் உளவளத்துணைப் பணியை நீண்ட காலமாக ஆற்றி வருகிறது. நமது துறைமுக ஊர்களிலும் இத்தகையோர் பலர் தேவை. அதற்குப் பணம் வேண்டும்; பயிற்சிக்கும் பஸ் செலவுக்கும் வேண்டும்.

அப்பணத்தைக் கடலில் ஒரு கடும் முயற்சி செய்து சேர்க்கலாமே என்றால், ‘கடல் பறித்த வீட்டுக்கு முன்னால் கடலில் விளையாட்டா?’ என்று பெரியோர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் செல்வச்சந்நிதியில் புறப்பட்டு, திருகோணமலையையும் வெருகலையும் கடந்து, கதிர்காமம் வரை கால் கொப்பளிக்க நடப்போர் யாருக்காக நடக்கிறார்கள்? நோயுற்ற பிள்ளைக்காக, காணாமற்போன மகனுக்காகத் தன் உடலை வருத்தும் தாயை நாம் விளையாடுகிறாள் என்று சொல்வதில்லை, நேர்த்தி என்கிறோம். கொட்டியாரக்குடாவை நீந்துவதும் படகு வலிப்பதும், செய்பவர் மனத்தைப் பொறுத்து, அவ்வகையில் சேரக்கூடும். விளம்பரப் பலகையும் ஒலிபெருக்கியும் முன்னுக்கு வந்தால் பெரியோர் சொன்னதே சரியாகிவிடும்.

எமது யோசனை இதுதான். மூதூர்க் கரையிலிருந்து திருகோணமலைக்குக் குடும்பங்களாகச் சேர்ந்து நீந்தலாம். இயலாதோர் துடுப்பு வலிக்கலாம். பாக்கு நீரிணையோடு ஒப்பிட்டால் தூரம் குறைவே. ஆயினும் பழகாதவர் இறங்கும் கடலன்று. வாடைக் காலத்தில் நினைக்கவே கூடாது; மகாவலி வெள்ளம் மரங்களையும் அள்ளி வந்து குடாவில் தள்ளும் காலம் அது. துறைமுகத்தாரிடமும் கடற்படையினரிடமும் அனுமதி பெற்று, வைத்தியர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு, கடல் படுத்திருக்கும் மாதத்தில் வைக்க வேண்டும். சேரும் பணத்தில் ஒரு சதமும் ஒருநாட் பொதிக்குச் செலவாகலாகாது. முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு, ஓராண்டுக்கேனும் மாதம் இருமுறை அவ்வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு ஆள் வேண்டும். அதற்கே அது போக வேண்டும்.

கூடச் செல்லும் படகில் யார் இருப்பது என்பதையும் சொல்லிவிடுகிறோம். கடலில் ஒருவரைப் பறிகொடுத்த வீட்டாருக்கு அதில் ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள். கடலைப் பார்க்க மனமில்லை என்பாரை வற்புறுத்த வேண்டாம். நீந்தி வருவோருக்குக் கரையில் தேநீர் ஊற்றவும் ஆட்கள் வேண்டும்.