ஊன்றும் கால், உதைக்கும் கால்

"வலது கால் வேக இழைக் கால், இடது கால் தாங்கும் கால்." பதினான்கு வயதுப் பிள்ளையின் பரிசோதனைத் தாளில் இப்படி எழுதுகிற பழக்கம் நம்மிடையே வளர்ந்துவருகிறது. ஒற்றைக்கால் தாவலை அளந்திருப்போம், தொடைச் சுற்றளவை நாடாவால் எடுத்திருப்போம். தசை இழையைப் பார்த்திருக்க மாட்டோம். பார்க்காததை எழுதக் கூடாது என்று வற்புறுத்தவே இந்த உரை.

இழையைப் பார்த்தவர்கள் கண்டது வேறு. தொழில்முறை டென்னிஸ் வீரர்களின் இரு கை டிரைசெப்ஸிலிருந்தும் திசு எடுத்து ஒப்பிட்ட ஸ்பானிய ஆய்வொன்று 2010இல் வெளியானது. மட்டை பிடிக்கும் கையின் தசைப் பருமன் தெளிவாகவே கூடுதல். ஆனால் மெதுவாகச் சுருங்கும் இழைகளுக்கும் வேகமாகச் சுருங்கும் இழைகளுக்கும் இடையிலான விகிதம் இரு கைகளிலும் ஏறக்குறைய ஒன்றே. சிறு வயதிலிருந்து ஒரே கையால் சர்வீஸ் போட்டவர்களிடமே நிலைமை இதுதான். 1976இல் ஆய்வாளர் சால்டினின் குழுவினர் ஒரு காலுக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதிகள் பயின்ற காலில் கூடின, மற்றதில் கூடவில்லை. உழைப்பின் பலன் உழைத்த தசையில்தான் தங்குகிறது. ஆனால் அது முதலில் நொதியிலும் இழையின் தடிமனிலும் தெரிகிறது. சில மாதப் பயிற்சியில் வேகமாகச் சுருங்கும் வகை 2 இழை, மெதுவாகச் சுருங்கும் வகை 1 ஆகிவிடுவதில்லை.

ஊசி வைத்துத் திசு எடுத்தாலும் முடிவுக்கு அவசரப்படக் கூடாது. தொடையின் வெளிப்புறப் பெருந்தசையை முழுக் குறுக்குவெட்டாக ஆராய்ந்த லெக்செல் குழுவினர், உள்ளே போகப் போக மெதுவிழைகள் கூடுவதை 1983இல் காட்டினார்கள். அந்தத் தசையில் இருப்பவை பல லட்சம் இழைகள். ஊசியில் வருவது ஒரு துணுக்கு. வலது காலில் ஊசி சற்று ஆழமாகப் போய், இடது காலில் மேலோடு நின்றால், இல்லாத வேறுபாட்டை நாமே உண்டாக்கிவிடுகிறோம். ஊசி போன ஆழத்தையும் எடுத்த துணுக்குகளின் எண்ணிக்கையையும் சொல்லாத ஒப்பீட்டை என்னால் நம்ப முடிவதில்லை.

இரு பக்கங்களை ஒப்பிடும்போது நாம் பயன்படுத்தும் ‘ஆதிக்க உறுப்பு’ என்ற சொல்லே தெளிவில்லாதது. வலது காலால் பந்தை உதைப்பவர் இடது காலில்தான் உடலைத் தாங்குகிறார். வலக்கை ஈட்டி வீரர் எறியும் கணத்தில் ஓட்டத்தைத் தடுத்து நிறுத்துவது இடது கால். எந்த வேலைக்கு எந்தக் கால் என்று கேட்காமல் வலது, இடது என்று பிரிப்பதில் பயனில்லை.

இது ஏட்டளவில் நிற்கும் விவாதமல்ல. முழங்கால் முன் சிலுவைத் தசைநார் அறுவைக்குப் பின், நல்ல காலின் வலிமையில் 90 விழுக்காடு வந்தால் களத்துக்கு அனுப்புகிறோம். மாதக்கணக்கான ஓய்வில் அந்த நல்ல காலும் மெலிந்திருக்கும். காயத்துக்கு முந்தைய அளவீடு இருந்தால் ஒப்பிட வேண்டியது அதனோடுதான். எனவே விளையாட்டுப் பருவத் தொடக்கத்திலேயே ஒவ்வொருவருக்கும் இரு கால் வலிமையையும் அளந்து கோப்பில் வையுங்கள். இடது காலில் தாவல் 4 செ.மீ. குறைவு என்றால் அதை மட்டும் எழுதுங்கள்.