உரிமையின் இடத்தில் உபகாரம்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 3 அன்று, உலக மாற்றுத்திறனாளிகள் நாளில், நாட்டின் பல நகரங்களில் ஒரே காட்சி அரங்கேறுகிறது. பெருநிறுவனம் ஒன்றின் பெயர் பொறித்த சக்கர நாற்காலிகள் மேடையில் வழங்கப்படுகின்றன. நாற்காலியைப் பெற்றவர் வீடு திரும்பப் பேருந்து நிறுத்தத்துக்கு வரும்போது, பேருந்தின் படிகளில் அது ஏற மறுக்கிறது. நாற்காலியை நன்கொடையாளர் தரலாம். ஏறத்தக்க பேருந்தை அரசுதான் தர வேண்டும்.

2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு, பெரிய நிறுவனங்கள் தமது முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிடுமாறு பணிக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் கல்வியும் தொழிற்பயிற்சியும் அப்பணிகளின் பட்டியலில் உள்ளன. ஆயினும் எந்தப் பணி, எந்த ஊர், எத்தனை ஆண்டு என்பதை இயக்குநர் குழுவே முடிவு செய்கிறது. தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தருமாறு சட்டமே கூறுவதால், ஆலைகளற்ற மாவட்டத்தில் பிறந்த பார்வையற்ற குழந்தை அந்தக் கணக்கில் எளிதில் இடம்பெறுவதில்லை.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் வேறொரு வழியைக் காட்டியது. பொதுக் கட்டடங்கள் அனைத்தையும் 5 ஆண்டுகளுக்குள் அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்றது. விதிகள் 2017 ஜூனில் அறிவிக்கப்பட்டன. 2022இல் கெடு முடிந்தது. அணுகல் நெறிமுறைகளை வெறும் பரிந்துரைகளாக்கிய 15ஆவது விதி சட்டத்துக்கு முரணானது என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை வகுக்க மூன்று மாத அவகாசம் அளித்தது.

ஒன்றிய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியமோ, 80 வயதுக்குட்பட்டோருக்கு 2012 முதல் மாதம் 300 ரூபாயாகவே நிற்கிறது. அதுவும் வறுமைக் கோட்டுக்குக் கீழே, 80 விழுக்காடு ஊனம் உடையோருக்கு மட்டுமே. சமூகப் பாதுகாப்பை “பொருளாதாரத் திறனின் வரம்புக்குள்” வழங்கினால் போதும் என்று சட்டத்தின் 24ஆவது பிரிவு அரசுக்குத் தப்பிக்க இடம் வைத்திருக்கிறது. 2019 செப்டம்பரில் கார்ப்பரேட் வரியைக் குறைத்து, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாயை விட்டுக்கொடுப்பதாக நிதியமைச்சர் அறிவித்தபோது, அந்த வரம்பு எவர் நினைவுக்கும் வரவில்லை. வரியாக வந்திருந்தால் மக்கள் உரிமையோடு கேட்டிருக்கக்கூடிய பணத்தின் ஒரு துளியே இன்று தர்மமாகத் திரும்பி வருகிறது.

நன்கொடையாக வந்த நாற்காலியை மறுக்குமாறு எவரும் கூற இயலாது. அது இன்றைய தேவை. அதற்கு நன்றி கூறுவதோடு கோரிக்கை முடிந்துவிடக் கூடாது என்பதே செய்தி. 2011 கணக்கெடுப்பின்படி 2.68 கோடிப் பேர் ஊனமுற்றோர். ஓய்வூதிய உயர்வு, 4 விழுக்காடு இடஒதுக்கீட்டில் நிரப்பப்படாத பணியிடங்கள், தாழ்தளப் பேருந்து ஆகியவை தொழிற்சங்க, விவசாயிகள் சங்க மேடைகளிலும் ஒலிக்க வேண்டும்.

அம்மேடைகளையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. மாடியில் நடக்கும் கிளைக் கூட்டத்துக்குச் சாய்தளம் உண்டா? செவித்திறனற்ற தோழருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் உண்டா? அரசிடம் கேட்கும் கேள்வியை இயக்கம் தன்னிடமும் கேட்டுக்கொண்டால்தான் அக்கோரிக்கைக்கு வலிமை பிறக்கும்.