அச்சு ஒன்று, பெயர் பல



சென்ற பள்ளி விடுமுறையில், சிங்கப்பூர் தெம்பனிஸில் உள்ள என் அக்காள் வீட்டுக்கு மகனோடு போயிருந்தேன். அங்கே இரண்டு பொம்மை லோரிகளால் ஒரு சண்டை மூண்டது.

அக்காள் மகன் வைத்திருந்தது, அத்தான் சிறு வயதில் விளையாடியது. அதன் அடியில் 'மேட்ச்பாக்ஸ், இங்கிலாந்து' என்றிருந்தது. என் மகனுடையது பழைய சாமான் கடையில் இரண்டு வெள்ளிக்கு வாங்கியது. அடியில் 'பல்கேரியா' என்று மட்டும் இருந்தது. "உன்னுடையது போலி, எஸ்டேட் லோரி" என்றான் பெரியவன். என் மகன் அழவில்லை. லோரியைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டான். எனக்குச் சுருக்கென்றது.

இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கதவுக் கோடு, ஆணி இறுக்கிய இடம், நீளம், எல்லாம் ஒன்றே!

காரணம் இதுதான். இவ்வகைப் பொம்மைக்குத் துத்தநாகக் கலவையைச் சுமார் 400 டிகிரி சூட்டில் உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்தி வார்க்கிறார்கள். அச்சு செய்வதுதான் பெருஞ்செலவு. ஆகவே ஓர் ஆலைக்குப் பழசான அச்சு இன்னொரு நாட்டுக்குப் போகும். அடித்தகட்டில் பெயர் மட்டும் மாறும். இங்கிலாந்தின் டிங்கி பொம்மை அச்சுகள் 1960களின் இறுதியில் கல்கத்தா வந்து, 'நிக்கி' என்ற பெயரில் கார்களைப் பெற்றெடுத்தன. மேட்ச்பாக்ஸின் பழைய அச்சுகள் 1980களில் பல்கேரியா சென்றன. 1982இல் மேட்ச்பாக்ஸை நடத்திய லெஸ்னி நிறுவனம் நொடித்தபோது, ஹாங்காங் நிறுவனம் அதை வாங்கியது. 1997இல் அது, போட்டிக்காரரான 'ஹாட் வீல்ஸ்' செய்யும் மேட்டல் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது!

"சின்னம்மா, அப்போது இரண்டும் ஒரே அச்சா?" என்றான் பெரியவன்.

"ஒரே அச்சுதான் ராஜா. இப்போது உன் ஹாட் வீல்ஸ் காரைத் திருப்பிப் பார்."

'மலேசியா' என்றிருந்தது. பினாங்கில் மேட்டல் ஆலை இருந்ததைச் சொன்னேன். நம் பக்கத்துக் கைகள் செய்த பொருளைத்தான் அவன் உயர்வாக வைத்திருந்தான்.

சற்று நேரத்தில், "தம்பி, உன் லோரியையும் எடுத்து வா" என்ற குரல் கேட்டது.

பெற்றோர்களே, பிள்ளை கையில் இருப்பதை ஊர்ப் பெயரால் இகழ விடாதீர்கள். பொருளைப் புரட்டிப் பார்க்கப் பழக்குங்கள். மனிதரை எடைபோடவும் அப்பழக்கம் உதவும்.