மகனுக்கும் போகும் குறை

ஒய் குரோமோசோம் அழிகிறது, ஆண்குலமே அற்றுப்போகும் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் ஓய்வதில்லை. ஆஸ்திரேலிய மரபியலாளர் ஜெனிஃபர் கிரேவ்ஸ் போட்ட கணக்குதான் அதற்கு மூலம்: இதுவரை மரபணுக்களை இழந்த வேகத்திலேயே போனால் சுமார் ஒரு கோடி ஆண்டுகளில் ஒய் காலி. ஆனால் வேகம் ஒரே சீராக இருக்கவில்லை. ரீசஸ் குரங்கின் ஒய்யோடு 2012-ல் ஒப்பிட்டுப் பார்த்த டேவிட் பேஜ் குழு, கடந்த 2.5 கோடி ஆண்டுகளில் மனித ஒய் இழந்த ஆதி மரபணு ஒன்றே ஒன்றுதான் என்றது. அப்படியே போனாலும் என்ன? ஜப்பானின் அமாமி தீவில், முள் போன்ற மயிருள்ள ஓர் எலியினம் ஒய்யையும், ஆண்பாலை நிர்ணயிக்கும் எஸ்ஆர்ஒய் மரபணுவையும் தொலைத்துவிட்டு, ஆணும் பெண்ணுமாகப் பெருகிக்கொண்டுதான் இருக்கிறது.

கோடி ஆண்டுகளை விடுவோம். நம் மேசைக்கு வருவது, விந்தணு குறைந்த ஒரு நோயாளியின் ஒய் பரிசோதனை ஜெல் படம். எஸ்ஆர்ஒய் பட்டை பளிச்சென்று தெரிகிறது. எஸ்ஒய்254, எஸ்ஒய்255 என்ற குறிப்பான்கள் இருக்க வேண்டிய இடங்கள் வெறுமை. விந்தணு உருவாக்கத்துக்குத் தேவையான ஏஇசட்எஃப்-சி பகுதி போய்விட்டது, ஏறத்தாழ 35 லட்சம் கார இணைகள். ஜோடி இல்லாத ஒய், தன்னுள்ளேயே ஒரே மாதிரியான நகல்களை வைத்துக்கொண்டு ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் சரிசெய்துகொள்கிறது. அந்த ஒற்றுமையே வினையாகவும் முடியும்: தவறான நகல்கள் இணைந்தால் இடைப்பட்டது மொத்தமாகக் கழன்றுவிடும். பெரும்பாலும் இது புதிதாக நேர்வது. நோயாளியின் தந்தைக்கு இருக்காது. விந்தணு குறைந்தவருக்குப் பிள்ளை பிறப்பது அரிது என்பதால், குறையும் பெரும்பாலும் அவரோடு நின்றுவிடும்.

1992-ல் பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்த இக்சி, அதாவது ஒற்றை விந்தணுவைக் கருமுட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் முறை, அந்தத் தடையை எடுத்துவிட்டது. இப்போது அவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் அதே ஒய் போகிறது. இதற்காக இக்சி வேண்டாம் என்று சொல்பவன் அல்ல நான். மலட்டுத்தன்மை உயிர்க்கொல்லி நோயல்ல, தந்தைக்குக் கிடைத்த சிகிச்சை மகனுக்கும் கிடைக்கும். சொல்லாமல் செய்வதுதான் உறுத்துகிறது.

'எப்படியும் இக்சிதானே, ரிசல்ட் வந்து என்ன மாறப்போகிறது?' என்று இந்த ஒய் பரிசோதனையைத் தாண்டிச் செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. மாறும். ஏஇசட்எஃப்-இன் ஏ அல்லது பி பகுதி முழுதாக இல்லையென்றால் விரையைத் திறந்து தேடினாலும் விந்தணு கிடைக்க அநேகமாக வழியில்லை. அந்த அறுவையே மிச்சம். சி மட்டும் இல்லாதவர்களில், விந்தில் அணுவே காணப்படாவிட்டாலும், பாதிப் பேர் அளவுக்குக் கிடைத்துவிடுகிறது. மகன் இளைஞனானதும் விந்தைச் சோதித்து, தேவையானால் உறையவைத்துக்கொள்ளலாம். குறை இருப்பது பெற்றோருக்குத் தெரிந்திருந்தால்தானே?

'அப்படியானால் பெண் கருவையே வையுங்கள்' என்று கேட்கும் தம்பதியும் வருவார்கள். 1994-ன் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தை முன்னால் வைத்துக்கொண்டு, மரபியல் ஆலோசகரோடு பேச வேண்டிய கேள்வி அது. ஆய்வகத்தில் சாடையாக முடித்துக்கொள்வதல்ல.

அடைப்பு எதுவுமின்றி எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 50 லட்சத்துக்குக் கீழே இருந்தால் இந்தப் பரிசோதனையை எழுதுங்கள். மனைவிக்கு முதல் ஹார்மோன் ஊசி போடும் முன்பே ரிசல்ட் கையில் இருக்கட்டும். இருவரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள்.